மிச்சத்தைப் பார், பாப்பா

மதுரை,
ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன். புதன்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு, "பிள்ளை குரல் ஏன் இப்படி அடைத்திருக்கிறது?" என்று பெரியம்மா கேட்டாள். "புதுப் பேப்பர் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்களாம்" என்றேன். "கட்டினால் அவிழ்த்துக் காட்டுவாள், விடுங்கள்" என்று சொல்லிவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது. பி.எஸ்ஸி. வேதியியல் மூன்றாமாண்டு. நாற்பத்தைந்து பிள்ளைகள், பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஓடுகிற கம்ப்யூட்டர் பதினெட்டு. பாடம் தரவு அறிவியலும் இயந்திரக் கற்றலும். "வயசில் சின்னவள் நீதானம்மா, உனக்குத்தான் இதெல்லாம் வரும்" என்று துறைத்தலைவர் கையில் கொடுத்துவிட்டார். பைத்தானில் தொடங்குவதா, புள்ளியியலில் தொடங்குவதா என்று கேட்டாய்.

இரண்டிலும் வேண்டாம். பியூரெட்டில் தொடங்கு.

சிரிக்காதே. முதல் வாரம் கம்ப்யூட்டர் அறையைத் திறக்கவே திறக்காதே. பிள்ளைகளை லேபுக்குக் கூட்டிப்போய், அவர்களுக்குப் பழகிப்போன ஆக்ஸாலிக் அமிலம், பெர்மாங்கனேட் டைட்ரேஷனைச் செய்யச் சொல். ஒரே ஒரு மாற்றம். பியூரெட்டைப் பூஜ்யம் வரை நிரப்பி நிறுத்த விடாதே. ஒவ்வொரு முறையும் எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கட்டும். ஆளுக்கு மூன்று முறை, முதலும் முடிவுமாக இரண்டு ரீடிங். நாற்பத்தைந்து பேருக்கு 270 ரீடிங் கிடைக்கும். எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, புள்ளிக்குப் பின்னால் இருக்கும் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணச் சொல். நேர்மையாகப் படித்திருந்தால் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒவ்வொரு இலக்கமும் ஏறக்குறைய 27 தடவை வர வேண்டும். பார், அப்படி வராது. பூஜ்யமும் ஐந்தும் குவிந்து நிற்கும். மூன்றும் ஏழும் இளைத்துக் கிடக்கும். பியூரெட்டில் நீளமாகப் போட்டிருக்கும் கோட்டுக்கு நம் கண் தானாக ஓடும் என்பதுதான் காரணம்.

அந்தப் பட்டைப் படத்தைச் சாக்பீஸால் வரைந்துவிட்டாய் என்றால் தரவு அறிவியலின் முதல் பாடம் முடிந்தது. எண்ணுக்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது, ஒரு கண் இருக்கிறது, அந்தக் கண்ணுக்கு ஒரு சோம்பல் இருக்கிறது. இதைத் தன் கையாலேயே பார்த்த பிள்ளை, நாளைக்கு யாரோ தரும் பத்தாயிரம் வரிக் கோப்பைத் திறக்கும்போதும் "இதை யார் அளந்தது, எதை வைத்து அளந்தது?" என்று கேட்கும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய பேப்பர் கட்டு. ஓய்வுபெற்ற வருஷம் வீட்டைச் சுத்தம் செய்தபோது, என் கல்லூரிப் பிள்ளைகளின் பழைய ரெக்கார்ட் நோட்டுகள் கிடைத்தன. கடைக்குப் போடும் முன் சும்மா புரட்டினேன். முதல் ரீடிங் 18.4, இரண்டாவது 18.4, கன்கார்டன்ட் வேல்யூ 18.4. அடுத்தவனுக்கு 21.5, 21.5, 21.5. நோட்டுக்கு நோட்டு இதே கதை. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் என் கையெழுத்தும் முழு மதிப்பெண்ணும். இரண்டாம் முறை டைட்ரேட் செய்யாமலே எழுதியவர்கள் எத்தனை பேரோ! 18.4-க்குப் பிறகு 18.6 என்று உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரு பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். அதன் பெயர் இப்போது நினைவில்லை. அந்தச் சிவப்புக் கோடு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. பொய்க்கு விலை கொடுத்து வாங்கிய வாத்தியார் நான். நீ அந்தத் தப்பைச் செய்யாமல் இருக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாம் வாரம் கம்ப்யூட்டர் அறையைத் திற. பெரிய தரவெல்லாம் வேண்டாம், நான்கே எண் போதும். மீத்தேன் கொதிப்பது மைனஸ் 161.5 டிகிரி செல்சியஸில். ஈத்தேன் மைனஸ் 88.6. புரொப்பேன் மைனஸ் 42.1. பியூட்டேன் மைனஸ் 0.5. கடைசி இரண்டும் அவர்கள் வீட்டு சிலிண்டரில் இருப்பவைதான். கார்பன் எண்ணிக்கையைக் கொடுத்து, இந்த நான்கு புள்ளிக்கும் பொருத்தமான நேர்கோட்டைப் போடச் சொல். பிறகு பத்துக் கார்பன் உள்ள டெக்கேன் எங்கே கொதிக்கும் என்று அந்தக் கோட்டிடம் கேட்கச் சொல். 324 டிகிரி என்று வரும்.

வகுப்பில் ஒரு கெட்டிக்காரன் எழுந்து, "கோடு நாலு புள்ளியிலும் சரியாகப் போகவில்லை மேடம், வளைத்துப் பார்க்கலாம்" என்பான். வளைக்கட்டும். மூன்றாம் படிச் சமன்பாடு நான்கு புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போகும். பிழை சுத்தமாகப் பூஜ்யம். அவன் முகத்தில் பெருமை வழியும்போது, அதே டெக்கேனைக் கேள். 1350 டிகிரி என்று சொல்லும். இரும்பே 1538-இல் உருகிவிடும். மண்ணெண்ணெயில் இருக்கும் டெக்கேனுக்கு இவ்வளவு சூடா என்று வகுப்பே சிரிக்கும். அப்புறம் உண்மையான எண்ணைப் பலகையில் எழுது: 174.1.

மனப்பாடம் செய்த மாடல் என்றால் என்ன, பார்த்த கேள்விக்கு நூறு வாங்கிப் பார்க்காத கேள்விக்குக் கவிழ்வது எப்படி, பயிற்சித் தரவு வேறு, சோதனைத் தரவு வேறு என்று ஏன் பிரிக்கிறார்கள், இதையெல்லாம் ஒரு மணி நேரம் வரையறை சொல்லிப் புரியவைப்பதைவிட அந்த 1350 புரியவைத்துவிடும். கணினித் துறைப் பிள்ளைக்கு அது வெறும் தப்பான விடை. வேதியியல் பிள்ளைக்கு அது நடக்கவே முடியாத காரியம். மூலக்கூறு நீள நீள ஈர்ப்பு விசை கூடும், ஆனால் ஒவ்வொரு கார்பனுக்கும் கூடும் டிகிரி குறைந்துகொண்டே வரும் என்று அவனுக்குத் தெரியும். இந்த அறிவுதான் உன் பிள்ளைகளின் கையில் இருக்கும் முதல். அதை வைத்து வியாபாரம் செய்.

மூன்றாம் வாரம் பென்டேனுக்கு வா. ஐந்து கார்பன் உள்ள பென்டேன் மூன்று உண்டு. நேராக நிற்பது 36.1-இல் கொதிக்கிறது. ஒரு கிளை விட்டது 27.8. நான்கு பக்கமும் கிளைத்து உருண்டையாக நிற்பது 9.5. கார்பன் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மாடலுக்கு மூன்றும் ஒன்றே. ஒரே கேள்விக்கு மூன்று விடை கொடுத்தால் பாவம், அது என்ன செய்யும்? "மூன்றையும் வேறுபடுத்த மாடலுக்கு வேறு என்ன சொல்லிக்கொடுக்கலாம்?" என்று கேட்டுவிட்டு நீ வாயை மூடிக்கொள். நீளம், கிளை, பரப்பு என்று அவர்களே வந்துவிடுவார்கள்.

1947-இல் ஹாரி வீனர் என்பவர் இதற்கு ஒரு எளிய வழி சொன்னார். மூலக்கூறில் உள்ள ஒவ்வொரு இரண்டு கார்பனுக்கும் இடையே எத்தனை பிணைப்பு என்று எண்ணி எல்லாவற்றையும் கூட்டு. நேர் பென்டேனுக்கு 20 வரும், ஒரு கிளைக்கு 18, உருண்டைக்கு 16. கொதிநிலை இறங்கும் அதே வரிசை. தீக்குச்சியை அடுக்கி விரல்விட்டு எண்ணலாம். மூலக்கூறை எண்ணாக மாற்றுவது என்பது இவ்வளவுதான். அதன் பிறகு ஆர்டிகிட் மென்பொருளைக் காட்டு. மூலக்கூறை ஒரு வரி எழுத்தாகக் கொடுத்தால் அது நூற்றுக்கணக்கான எண்களைக் கொட்டும். தீக்குச்சி எண்ணிய பிள்ளை அதைக் கண்டு மிரளாது. கூகுள் கோலாப் போனிலேயே திறக்கும் என்பதால் பதினெட்டுக் கம்ப்யூட்டரை நினைத்து நீயும் மிரளாதே.

அடுத்து நீரில் கரைதிறன். 1128 சேர்மங்கள் கொண்ட ஒரு பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. 2004-இல் டெலானி என்ற ஆய்வாளர் கரைதிறனைக் கணிக்க ஒரு சமன்பாடு தந்தார், அதன் வழியாக வந்த பட்டியல் இது. அவர் சமன்பாட்டில் நான்கே காரணிகள்: எண்ணெய்ப் பக்கம் சாயும் குணம், மூலக்கூறு எடை, சுழலக்கூடிய பிணைப்புகள், அரோமேட்டிக் அணுக்களின் பங்கு. முதலில் இந்த நான்கையும் வைத்து நேர்கோட்டு மாடலைச் செய்யட்டும். அப்புறம் ரேண்டம் ஃபாரஸ்ட், நியூரல் நெட்வொர்க் என்று எது வேண்டுமானாலும் வரட்டும். புதிதாக வந்தவன் பழையவனைவிட எவ்வளவு மேல் என்று எண்ணில் காட்டச் சொல். ஒரே சேர்மத்துக்கு வெவ்வேறு ஆய்வகங்கள் அளந்து தரும் கரைதிறனே மூன்று மடங்கு வரை வேறுபடுவது சாதாரணம் என்பதையும் சொல்லிவை. அளவிலேயே அவ்வளவு ஆட்டம் இருக்கும்போது, மாடல் அதைவிடத் துல்லியம் என்று எவனாவது சொன்னால் சந்தேகப்பட வேண்டும்.

இங்கேதான் தலைப்பில் எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். அளந்த மதிப்பிலிருந்து கணித்த மதிப்பைக் கழித்தால் கையில் ஒரு மிச்சம் நிற்கும். புத்தகங்களில் எச்சம் என்று போட்டிருக்கும். எல்லாரும் சராசரிப் பிழையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ பிள்ளைகளை மிச்சத்தில் நிறுத்து. மிச்சம் மிகப் பெரிதாக உள்ள பத்துச் சேர்மங்களைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றின் வடிவத்தையும் வரைந்து, "இதில் மட்டும் ஏன் தப்பியது?" என்று கேட்க வை. வேதியியல் வளர்ந்ததே இந்தக் கேள்வியால்தான். மூன்று கதை சொல்கிறேன், மூன்றும் வகுப்பில் சொல்.

மெண்டலீவ் 1869-இல் அட்டவணை போட்டபோது அலுமினியத்துக்குக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார். 1875-இல் பிரான்சில் லெகோக் என்பவர் அந்தத் தனிமத்தைப் பிடித்தார். அதுதான் காலியம். அடர்த்தி 4.7 என்று அளந்தார். அந்த உலோகத்தைக் கண்ணால் பார்த்திராத மெண்டலீவ், 5.9 பக்கம் இருக்க வேண்டும் என்று எழுதினார். லெகோக் மறுபடி சுத்தம் செய்து அளந்தால் 5.9. அங்கே தப்பு அளவில் இருந்தது.

அதே மெண்டலீவுக்கு டெல்லூரியத்தில் இடித்தது. அணு எடைப்படி அது அயோடினுக்குப் பின்னால் வர வேண்டும், குணப்படி முன்னால். அவர் குணத்தை நம்பி முன்னால் வைத்துவிட்டு, எடையைத் தப்பாக அளந்திருக்கிறார்கள் என்றார். இந்த முறை அளவு சரியாகத்தான் இருந்தது. எடையை வைத்து அடுக்கும் விதியில்தான் ஓட்டை. 1913-இல் மோஸ்லி எக்ஸ் கதிர்களை வைத்து அணு எண் என்ற சரியான அளவுகோலைக் காட்டிய பிறகுதான் முடிச்சு அவிழ்ந்தது.

மூன்றாவது ராலே பிரபு. காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜன், அம்மோனியாவிலிருந்து செய்த நைட்ரஜனைவிட அரை சதவீதம் அளவுக்குக் கனமாக இருந்தது. நம் ரெக்கார்ட் நோட்டில் இப்படி வந்திருந்தால் சராசரி போட்டு மூடியிருப்போம். அவர் 1892-இல் பத்திரிகைக்கே எழுதி, யாருக்காவது காரணம் தெரியுமா என்று கேட்டார். 1894-இல் ராம்சேயும் அவரும் ஆர்கானை அறிவித்தார்கள். தினமும் நாம் சுவாசிக்கும் காற்றில் கிட்டத்தட்ட நூற்றில் ஒரு பங்காக இருந்த வாயு, அந்த அரை சதவீத மிச்சத்துக்குள் உட்கார்ந்திருந்தது. அளவும் பொய் சொல்லவில்லை, விதியும் பொய் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்று நடுவில் இருந்தது.

கை தப்பா, விதி தப்பா, தெரியாதது ஏதாவது ஒளிந்திருக்கிறதா? மிச்சத்தைப் பார்த்து இந்த மூன்று கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு நீ பாடம் நடத்திவிட்டாய் என்று அர்த்தம். மற்றதெல்லாம் மென்பொருளின் கைப்பிடி. இன்றைக்கு இது, நாளைக்கு வேறு. பிள்ளைகள் ஏஐ-யைக் கேட்டு நிரலை எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள், தடுக்காதே. தடுத்தாலும் நிற்காது. ஆனால் பத்து மதிப்பெண்ணில் ஏழு மதிப்பெண்ணை மிச்சத்தின் விளக்கத்துக்கு வை. வாய்மொழியாக, தமிழிலேயே, பலகைக்கு முன்னால் நின்று சொல்லட்டும். ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசையில் ஒளியும் பிள்ளைகளில் எத்தனை பேர் எவ்வளவு கூர்மை என்று அன்றைக்குத் தெரிந்துகொள்வாய்.

அலகு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் வரும் இத்தாலிய ஒயின் தரவு உனக்குத் தெரியும். மூன்று வகைத் திராட்சை, 178 மாதிரி, பதின்மூன்று வேதி அளவுகள். ஒயின் என்றதும் கடைசி வரிசை நிமிர்ந்து உட்காரும். அதில் புரோலின் என்ற அமினோ அமிலம் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கு மேலும் இருக்கும். நிறச்சாயல் ஒன்றை ஒட்டி நிற்கும். அப்படியே தூரம் கணக்கிட்டால் புரோலின் ஒன்றே பஞ்சாயத்துப் பண்ணும், மற்ற பன்னிரண்டும் வாயில்லாப் பூச்சி. கிராமையும் மில்லிகிராமையும் கலந்து கூட்டினால் திட்டு வாங்கிய பிள்ளைகளுக்கு, எல்லா அளவையும் ஒரே தராசுக்குக் கொண்டுவர வேண்டியதன் நியாயம் ஒரு நொடியில் விளங்கும்.

செமஸ்டர் கடைசியில் பிராஜெக்டுக்கு இறக்குமதித் தரவு வேண்டாம். நீ வேலை பார்ப்பது தருமபுரி மாவட்டம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருக்கும் ஊர். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுப் பக்கத்துக் கிணறு, போர்வெல் தண்ணீரை இரண்டு பாட்டிலில் கொண்டுவரட்டும். கடினத்தன்மையை இடிடிஏ போட்டுப் பார்க்கலாம். பிஎச், கடத்துதிறன், காரத்தன்மை எல்லாம் லேபிலேயே முடியும். ஃபுளோரைடு மின்முனை உங்களிடம் இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் கேள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மற்ற அளவுகளை வைத்து ஃபுளோரைடைக் கணிக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

இதில் வேதியியல் முன்னால் நடக்கும், மாடல் பின்னால் வரும். கால்சியம் ஃபுளோரைடு நீரில் அவ்வளவாகக் கரையாது. தண்ணீரில் கால்சியம் அதிகமாக இருந்தால் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் தங்க முடியாமல் படிந்துவிடும். கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில் அது தாராளமாகத் தங்கும். இரண்டாம் ஆண்டில் கரைதிறன் பெருக்கம் என்று படித்து மறந்தது இங்கே வந்து கதவைத் தட்டும். உப்புத் தண்ணீர் கெட்டது, நல்ல தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்கும் என்று ஊரில் சொல்வார்கள் இல்லையா? நுரைக்கும் தண்ணீரிலும் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கலாம். நாக்குக்குத் தெரியாது.

இரண்டு பொறி இருக்கிறது, பார்த்து நட. ஒரே கிணற்றின் மூன்று அளவுகளில் இரண்டைப் பயிற்சியிலும் ஒன்றைச் சோதனையிலும் போட்டுவிட்டால் மாடல் அபாரமாகத் தேறும். அது வினாத்தாள் வெளியான பரீட்சை. கிணற்றைப் பிரி, அளவைப் பிரிக்காதே. இன்னொன்று, பத்துக் கிணற்றில் ஒன்பது நல்லதாக இருந்தால், "எல்லாம் நல்லது" என்று கண்ணை மூடிச் சொல்லும் மாடலுக்கும் தொண்ணூறு மதிப்பெண். விட்டுப்போன அந்தப் பத்தாவது கிணற்றில் ஒரு குழந்தை தண்ணீர் குடிக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல். கணிப்பை நம்பி யார் வீட்டுக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சந்தேகம் எழுந்த கிணற்றை மறுபடி அளந்துவிட்டுப் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் வகுப்பில் பல்லில் பழுப்புக் கறையோடு சில பிள்ளைகள் இருப்பார்கள். சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவார்கள். ஃபுளோரைடு பாடம் எடுக்கும் ஆர்வத்தில் அவர்கள் பக்கம் உன் கண் போகக் கூடாது. கிணற்றுக்கு எண் கொடு, வீட்டுக்காரர் பெயரைப் பட்டியலில் எழுதாதே. தரவு என்று நாம் வசதியாகச் சொல்லிக்கொள்வது இன்னொருவருடைய வீடு, இன்னொருவருடைய உடம்பு.

"இதெல்லாம் சின்ன விஷயம், பிள்ளைகள் ஆல்ஃபாஃபோல்டு மாதிரி பெரியது கேட்பார்கள்" என்பாய். தாராளமாகச் சொல். புரதத்தின் வடிவத்தைக் கணித்ததற்காக 2024-இல் ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் வேதியியல் நோபலில் பாதி போனது. அந்த மாடல் படித்த பாடப்புத்தகம் 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கி. படிகம் வளர்த்து, எக்ஸ் கதிர் பாய்ச்சி, ஒரு வடிவத்துக்கு வருஷக்கணக்காக உட்கார்ந்தவர்களின் கை அதில் இருக்கிறது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கூட்டாளிகளும் 1963-இல் வெளியிட்ட படத்தையும் காட்டு. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்ற படம் அது. அதன் பெரும்பகுதி காலி, ஏனென்றால் அங்கே திரும்பினால் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். கணினி தரும் வடிவம் தேறுமா என்று பார்க்க இன்றைக்கும் அந்தப் படத்தைத்தான் எடுக்கிறார்கள். எது நடக்காது என்று தெரிந்தவன்தான் கணிப்பைச் சோதிக்க முடியும்.

கடிதம் நீண்டுவிட்டது. பெரியம்மா காபி ஆறுகிறது என்று இரண்டு தடவை சத்தம் போட்டுவிட்டாள். பைத்தான் உனக்கும் முழுசாகத் தெரியாது என்று அழாத குறையாகச் சொன்னாயே, அதைப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடு. தெரியாததை மறைத்து எழுதும் பழக்கத்தை வாத்தியார்தான் முதலில் விட வேண்டும்.

முதல் வகுப்பு முடிந்ததும் அந்தக் கடைசி இலக்கப் பட்டைப் படத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. பிள்ளைகளோடு சேர்ந்து நீயும் மூன்று முறை டைட்ரேட் செய், உன் ஆறு ரீடிங்கும் அதில் இருக்கட்டும். இரண்டாம் முறை 18.6 வந்தால் 18.6 என்றே எழுது.

அன்புடன்,
பெரியப்பா